பௌர்ணமி ஞாயிறுக்கு ஒரு பவுலர்

"பாதியிலயே குத்தாத சுடல! கால் கிட்டப் போடு கண்ணு!"

சொல்வது தெய்வாத்தாள். சொல்லும்போது அவர் சுடலையையும் பார்க்கவில்லை, பந்தையும் பார்க்கவில்லை. மேட்ச் அவர் முதுகுக்குப் பின்னால் நடக்கிறது. நெருப்பெரிச்சல் என்ற ஊரில் அவருடைய பனியன் கம்பெனிக்குப் பின்புறம் இருக்கும் காலி சைட்டில், வேப்பமரத்தடியில், நாற்காலியை ரோட்டைப் பார்த்துத் திருப்பிப் போட்டுக்கொண்டு, மடியில் குவிந்த டீ-சர்ட்டுகளுக்குப் பிசிறு வெட்டிக்கொண்டிருக்கிறார். தையல் முடிந்த துணியில் வால் வாலாக நீட்டிக்கொண்டிருக்கும் நூலைக் கத்தரியால் நறுக்கி, பக்கத்தில் இருக்கும் பெரிய பித்தளைத் தவலைக்குள் போடுகிறார். பொன் மாதிரிப் பளபளக்கும் தவலையைக் குப்பைத் தொட்டியாக்கி வைத்திருக்கும் திமிர் அவருக்கு மட்டும்தான் வரும். அந்தத் தவலை அங்கே வந்த கதையைத்தான் சொல்ல வந்தேன்.

ஏன் திரும்பி உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று புதிதாக வந்தவர் யாராவது கேட்டால் ஒரே பதில்தான். "நான் பாத்தா விக்கெட்டு உழுகாதுங்க." இதைச் சிரித்துக்கொண்டு சொல்லமாட்டார். மின்சாரக் கம்பியைத் தொட்டால் ஷாக் அடிக்கும் என்று சொல்கிற மாதிரி சொல்வார். ஒரே ஒரு முறைதான் அதை மீறியிருக்கிறார்.

ஐம்பதைத் தாண்டிய வயது. காதில் பெரிய கல் தோடு, இடுப்பில் சாவிக்கொத்து, கழுத்தில் எந்நேரமும் தொங்கும் அளவு டேப். கிரிக்கெட்டை அவர் கண்ணால் கற்கவில்லை, காதால் கற்றார். கணவர் ஆறுச்சாமியும் அவரும் நாலே மெஷினோடு தொழில் தொடங்கிய காலத்தில், தைக்கிறவர்களுக்குத் தூக்கம் வராமல் இருக்க ஒரு ரேடியோ ஓடும். பொங்கலுக்குச் சேப்பாக்கத்தில் டெஸ்ட் நடந்தால் நாள் முழுக்கத் தமிழ் வர்ணனை. சினிமாப் பாட்டு போடச் சொல்லி டெய்லர்கள் கெஞ்சுவார்கள். தெய்வாத்தாள் விடமாட்டார். ஐந்து நாள் இழுத்து, கடைசியில் யாரும் ஜெயிக்காமல் போனாலும் அதில் ஒரு நியாயம் இருப்பதாக அவருக்குப் பட்டது. போன வருடம் இருபது ஓவர் உலகக் கோப்பையை இந்தியா ஜெயித்தபோது கம்பெனியே ஆடியது. இவர் மட்டும் அசையவில்லை. "அது டஜன் கணக்குல தள்ளற சரக்குங்க. டெஸ்ட்டுங்கறது எக்ஸ்போர்ட் பீசு. ஒரு தையல் உட்டாலும் திரும்பி வந்துரும்."

இந்தியா எங்கே டெஸ்ட் ஆடினாலும், முந்தின நாள் டீ நேரத்தில் தெய்வாத்தாள் தன் பவுலர்களை அறிவித்துவிடுவார். பேட்ஸ்மேன்களைப் பற்றிக் கவலையே கிடையாது. "அடிக்கறவன் எப்புடியோ அடிச்சுக்குவான். இருவது விக்கெட்டு எடுக்கறது ஆரு? அதச் சொல்லுங்க மொதல்ல." செக்கிங் பெண்கள், அயர்ன் மாஸ்டர்கள், ஆறுச்சாமி எல்லோரும் எதிர்க்கட்சி. நாலு வேகப் பந்துக்காரர்களைப் போட்டு மிரட்ட வேண்டும் என்று யாராவது சொன்னால் அன்றைக்கு அவ்வளவுதான். மெஷின் வரிசையைக் கை காட்டுவார்.

"நாலும் ஓவர்லாக்காவே வாங்கிப் போட்டா என்னாகும்? தோள மூட்டலாம், சைடு மூட்டலாம். அடி மடிக்கறதுக்கு பேட்லாக்கு வேணுமில்ல? லேபிள் வெக்கறதுக்கு சிங்கர் வேணுமில்ல? வேகமா ஓடற மெஷினுதான் மெஷினுன்னா சட்ட எப்புடிங்க வெளிய வரும்?"

புதுப் பந்தில் மிரட்ட ஒருவன். கோணம் மாற்ற ஒரு இடது கைக்காரன். பந்து பழசானதும் திருப்ப ஒருவன். விக்கெட் எடுக்காவிட்டாலும் பரவாயில்லை என்று ஒரு பக்கத்தைப் பூட்டிப்போட்டு ரன் கொடுக்காமல் நிற்க ஒருவன். இதுதான் அவருடைய கணக்கு. தேர்வாளர்கள் இவரைக் கேட்காமலே டீமை அறிவிப்பது அவருக்கு இன்றுவரை ஒரு மனக்குறைதான். என்ன செய்வது, அவரவர் தலையெழுத்து.

டீவியில் நடக்கிற டெஸ்ட்டை விட்டுத் தள்ளுங்கள். தெய்வாத்தாளின் சொந்த டெஸ்ட் ஒன்று இருக்கிறது. அவருடைய கம்பெனிக்கும் அனுப்பர்பாளையத்துப் பாத்திரப் பட்டறைக்காரர்களுக்கும் மாசி முடிந்து பங்குனி பிறக்கும் வாக்கில் வருடா வருடம் நடப்பது. ஆளுக்கு இரண்டு இன்னிங்ஸ். ஐந்து நாள். தொடர்ந்து ஐந்து நாள் கம்பெனியை மூட முடியாது என்பதால், ஐந்து ஞாயிற்றுக்கிழமை.

இந்த ஏற்பாட்டில் சில வேடிக்கைகள் உண்டு. ஞாயிறு மாலை அவுட்டாகாமல் நின்றவன் அடுத்த ஞாயிறு வரை அவுட்டாகாதவன்தான். வாரம் முழுக்க அவன் நடையே தனி. டீ வாங்கிவர அவனை யாரும் அனுப்ப மாட்டார்கள். பந்து வாரம் முழுக்கக் கம்பெனி ஆபீசில் முருகன் படத்துக்குக் கீழே இருக்கும். ஞாயிறு காலை தெய்வாத்தாள் அதை எடுத்து, திருநீறு தொட்டு, யார் கையில் கொடுக்கிறாரோ அவன்தான் அன்றைக்கு முதல் ஓவர். கேப்டன் சுடலைகூட அதில் வாய் திறக்கக் கூடாது.

ஜெயிக்கிறவர்களுக்குப் பரிசு பித்தளைத் தவலை. செய்தது பட்டறைக்காரர்கள். ஜெயிப்பதும் அவர்களே. செய்த இடத்தை விட்டு நகராத பரிசுக் கோப்பை உலகத்திலேயே அது ஒன்றாகத்தான் இருக்கும்.

2005இல் நகர வேண்டியது. அந்த வருடம் தெய்வாத்தாள் தேர்ந்தெடுத்த பவுலர்களைப் போல ஒரு கூட்டணி அதற்கு முன்பு நெருப்பெரிச்சல் கண்டதில்லை. நாலு பேரும் தெற்கத்திப் பையன்கள். உள்ளூர்ப் பையன்கள் பேட்டைக் கொடுத்தால் கீழே வைக்க மாட்டார்கள், பந்தைக் கொடுத்தால் தோள் வலி என்பார்கள். அதனால் தெற்கு. ஆனால் அதிலும் ஒரு சூட்சுமம் வைத்தார். பங்குனி உத்திரத்துக்குத் தெற்கத்திக்காரர்கள் அவரவர் குலதெய்வமான சாஸ்தா கோயிலுக்குக் குடும்பத்தோடு கிளம்பிவிடுவார்கள் என்று அவருக்குத் தெரியும். தலை போனாலும் போவார்கள். ஆகவே உத்திரத்துக்குப் போகிற சுடலை வகையில் இருவர், ஈஸ்டருக்குப் போகிற ஜெபராஜ் வகையில் இருவர். அவர்கள் போகும்போது இவர்கள் இருப்பார்கள், இவர்கள் போகும்போது அவர்கள் இருப்பார்கள். சாமியையும் கர்த்தரையும் சேர்த்து டீம் போட்ட பெருமையில் அவர் காலே தரையில் படவில்லை.

உத்திரமும் பௌர்ணமியை ஒட்டித்தான் வரும், ஈஸ்டரும் பௌர்ணமியை ஒட்டித்தான் வரும். வானத்தில் இருப்பது ஒரே நிலா. இதை மட்டும் அவர் யோசிக்கவில்லை. அந்த வருடம் உத்திரமும் பெரிய வெள்ளியும் ஒரே நாளில் வந்து நின்றன. வியாழக்கிழமை ஷிப்ட் முடிந்ததும் நாலு பவுலர்களும் ஒரே பஸ்ஸில் ஏறிவிட்டார்கள். நாலாவது ஞாயிறு ஃபீல்டிங்குக்கு மாற்று ஆள் நிற்கலாம். பந்து போட மாற்று ஆள் கூடாது என்பது விதி. விக்கெட் கீப்பர் போட்டார், ஓப்பனிங் பேட்ஸ்மேன் போட்டார், கடைசியில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, டீமில் பதினோராவது ஆளாக இருந்த ஆறுச்சாமியே போட்டார். அவர் போட்ட பந்துகளில் பாதி ஸ்டம்பைவிட வேப்பமரத்துக்குப் பக்கமாகப் போயின.

பட்டறை கேப்டன் கன்னையன் பேட்டைத் தோளில் சாத்திக்கொண்டு நாற்காலி பக்கம் வந்தான். "ஏனுங்க்கா, உங்க பவுலருங்க எல்லாம் பஸ்ஸுல இருந்தே பந்து போடறாங்களாக்கு?"

தெய்வாத்தாள் நறுக்கென்று ஒரு நூலை வெட்டினார். பதிலை மூன்று வருடமாகச் சொல்லாமல் வைத்திருந்தார்.

இந்த வருடம், 2008இல், மறுபடி அதே நிலா. நாலாவது ஞாயிறுக்கு முந்தின வெள்ளியில் உத்திரமும் பெரிய வெள்ளியும் கை கோத்துக்கொண்டு வருவது ஆட்டம் தொடங்கும் முன்பே காலண்டரில் தெரிந்துவிட்டது. கன்னையனுக்கே பரிதாபமாகிவிட்டது. ஒரு ஞாயிறு தள்ளி வைத்துக்கொள்ளலாம் என்று ஆள் அனுப்பினான். "மழைக்கு ஆட்டத்த நிறுத்தலாம். நிலாவுக்கு நிறுத்தக் கூடாது. போய்ச் சொல்லு," என்று திருப்பி அனுப்பிவிட்டார். வீம்பு என்றால் அப்படியொரு வீம்பு. அனுப்பிய பிறகுதான் யார் பந்து போடுவது என்று விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார்.

சுடலையும் ஜெபராஜும் இல்லாமல் தீராது. அவர்கள் ஊருக்குப் போகாமலும் தீராது. கட்டிங்கில் இருக்கும் சசிகுமார் உள்ளூர்ப் பையன், தோள் வலி இல்லாத அபூர்வப் பிறவி, அவன் ஒரு பக்கம் போடுவான். அந்த ஞாயிறு மறுபக்கம் யார்? உள்ளூரில் ஆளில்லை. தெற்கத்தி ஆட்களோ ஒருவர் பாக்கியில்லாமல் லீவு கேட்டு வந்து நின்றார்கள்.

ஒருவன் மட்டும் வரவில்லை. அயர்ன் மேசையில் நிற்கும் வெள்ளையன்.

வெள்ளையன் லீவு கேட்டதே இல்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. பொங்கல், தீபாவளி, உத்திரம், எதற்கும் இல்லை. சங்கரன்கோவில் பக்கத்து ஆள். வேறு சாதியில் ராமுத்தாயைக் கட்டிக்கொண்டு ஊரை விட்டு வந்தவன். அவனுக்கு அங்கே கோயில் இருந்தது, வாசல் இல்லை. எல்லோரும் பஸ் ஏறும் நாட்களில் கணவனும் மனைவியும் மற்ற வீடுகள் காலியான லைன் வீட்டு வரிசையில் கதவைச் சாத்திக்கொண்டு இருப்பார்கள். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அவன் வேஸ்ட் துணியை இறுக்கிச் சுற்றிப் பந்தாக்கி, தூரத்து அட்டைப் பெட்டிக்குள் விழும்படி சுழற்றிப் போட்டுக்கொண்டிருப்பதைத் தெய்வாத்தாள் பலமுறை பார்த்திருக்கிறார். பார்த்தும் பார்க்காமல் இருந்திருக்கிறார்.

"நெசப் பந்து போடுவியா தம்பி?"

"போடுவேன்க்கா. ஊருல போட்டிருக்கேன். இங்க யாரும் கேக்கல."

அன்று மாலையே சைட்டில் வைத்துப் பார்த்தார். அதாவது, திரும்பி உட்கார்ந்து கேட்டார். மெதுவான பந்து. ஆனால் ஆறு பந்தும் ஒரே இடத்தில் விழும் சத்தம். அடிக்கப் போனவர்களின் பேட்டில் நடுச் சத்தமே வரவில்லை. டீமை அறிவித்தபோது சுடலைக்குப் பொறுக்கவில்லை.

"யக்கா, அவன் பந்து வேகமா வராதுக்கா. நடந்துல்லா வரும்!"

"நடந்தே வரட்டும். உங்களாட்டப் பஸ்ஸு ஏறிப் போகாம இருந்தாச் செரி."

எல்லோரும் சிரித்தார்கள். தெய்வாத்தாளும் சிரித்தார். சிரித்து முடிப்பதற்குள், அயர்ன் மேசைப் பக்கம் ஒரு முகம் மட்டும் குனிந்ததைக் கண்டார். சொல் வாயை விட்டுப் போய்விட்டது. அள்ள முடியாது.

மாலையில் வெள்ளையன் ஆபீஸ் வாசலில் வந்து நின்றான். உள்ளே வரச் சொன்னார். வரவில்லை.

"யக்கா, ஒண்ணு கேக்கணும். நான் நல்லாப் போடுதேன்னு எடுத்தியளா, இல்ல போக்கிடம் இல்லாதவன்னு எடுத்தியளா?"

சமாளிக்க நூறு வழி இருந்தது. தெய்வாத்தாளுக்கு அதில் ஒன்றும் வாய்க்கவில்லை. பொய் சொன்னால் அவன் கண்டுபிடித்துவிடுவான் என்பதைவிட, தனக்கே கேட்டுவிடும் என்று பயந்தார்.

"போக்கிடம் இல்லாதவன்னுதான் உன்னையப் பாத்தன் தம்பி. பாத்த பொறகுதான் நீ நல்லாப் போடறேன்னு தெரிஞ்சுது. முன்னயே பாக்காதது என்ற தப்பு. எல்லாரு முன்னாலயும் அப்புடிப் பேசுனது அதவிடத் தப்பு. வேண்டாம்னா போயிரு, நான் ஒண்ணும் நெனைக்க மாட்டன்."

அவன் படியிறங்கிப் போய்விட்டான். அன்று ராத்திரி தெய்வாத்தாள், தவலை போனால் போகிறது, இவன் வராமல் போனால் அந்த வார்த்தையை எங்கே கொண்டுபோய்க் கழுவுவது என்று ஆறுச்சாமியிடம் புலம்பினார். ஆறுச்சாமி, "நானு வேணா பந்து போடட்டுமா?" என்று கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டார்.

வெள்ளையன் வந்தான். முதல் மூன்று ஞாயிறும் வந்தான். சுடலை அவனுக்குப் பந்தைக் கொடுத்தது குறைவு. கொடுத்தபோதெல்லாம் போட்டான், கொடுக்காதபோது பவுண்டரியில் நின்றான். மூன்றாவது ஞாயிறு மாலை பட்டறைக்காரர்களின் கடைசி இன்னிங்ஸ் தொடங்கியது. இருநூற்றுச் சொச்சம் எடுத்தால் அவர்களுக்கு வெற்றி. வியாழன் இரவு தெற்குப் பக்கப் பஸ்கள் எல்லாம் கிளம்பிப் போயின.

நாலாவது ஞாயிறு காலை ஊரே வெறிச்சென்று இருந்தது. முருகன் படத்தடியிலிருந்து பந்தை எடுத்துச் சசிகுமாருக்குக் கொடுத்தார். மறுமுனை வெள்ளையனுக்கு. அதற்கப்புறம் சாயங்காலம் வரை அந்த முனை அவனுடையதுதான். மத்தியானச் சாப்பாட்டு நேரம் தவிர அவன் ஒரு ஓவர்கூட விடவில்லை. ஒவ்வொரு பந்தும் அதே இடம். கன்னையன் இறங்கி வந்து அடிக்கப் பார்த்தான், பின்னால் போய் அடிக்கப் பார்த்தான், கடைசியில் அடிக்கவே வேண்டாம் என்று தடுக்க ஆரம்பித்தான். ஒருபக்கம் ரன் வராத கோபத்தில் மறுபக்கம் சசிகுமாரைச் சுழற்றி அடித்து ஒவ்வொருவராக அவுட்டானார்கள். பொழுது சாயும்போது பாதி ஓட்டம் பாக்கி, நாலு விக்கெட் பாக்கி. தெய்வாத்தாள் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் அன்று அவர் வெட்டிய டீ-சர்ட்டுகளில் இரண்டில் நூலுக்குப் பதில் துணியே வெட்டுப்பட்டிருந்தது. முப்பது வருடத்தில் நடக்காதது அது.

ஐந்தாவது ஞாயிறு. சுடலை திரும்பி வந்துவிட்டான், ஜெபராஜும் வந்துவிட்டான். நாலு பவுலர்களும் ஆபீஸ் முன்னால் நிற்கிறார்கள். இப்போது ஊருக்குப் போகாத ஆளுக்குத் தேவை இல்லை. வெள்ளையன் அதை அறிந்தவன் போல ஒதுங்கி, ஷூ கயிறு கட்டிக்கொண்டிருந்தான். தெய்வாத்தாள் பந்தை எடுத்தார், திருநீறு தொட்டார், நேராகப் போய் அவன் கையில் வைத்தார்.

"இன்னிக்கு எல்லாரும் இருக்கறாங்க. இருந்தும் உனக்குத்தான்."

சுடலை விறுவிறுவென்று தன் பையிடம் போனான். கோபித்துக்கொண்டு கிளம்புகிறான் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். பையிலிருந்து ஒரு திருநீற்றுப் பொட்டலம் எடுத்து வந்தான்.

"ஏல வெள்ளையா, திரும்பி வாரப்ப உங்க சாஸ்தா கோயில்ல இறங்கிட்டுத்தான் வந்தேன். பந்துல இதையும் தொட்டுக்கோ."

வெள்ளையன் வாங்கி, பந்தில் தொட்டான், நெற்றியில் தொட்டான், மீதியை மடித்து ராமுத்தாய்க்கென்று சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். இவர்கள் தன் பையன்கள் என்று அன்றைக்குத்தான் தெய்வாத்தாள் மனதார நினைத்தார்.

ஆட்டம் இழுத்தது. சுடலை ஒருவனை வீழ்த்தினான், ஜெபராஜ் ஒருவனை, சசிகுமார் ஒருவனை. வெள்ளையன் மட்டும் வெறுங்கையோடு, ஆனால் ஒரு பக்கத்தைப் பூட்டிப்போட்டபடி. கடைசி விக்கெட் மீதி. கன்னையன் இன்னும் நிற்கிறான். ஒரு நல்ல அடி, இரண்டு நல்ல அடி, அவ்வளவுதான் வேண்டும். ஓவர் வெள்ளையனுடையது. சைட்டைச் சுற்றிக் கூட்டம் நெருங்கி நின்றது. வேப்பமரத்தடியில் கத்தரிச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

அதுவும் நின்றது.

தெய்வாத்தாள் மடியில் இருந்த துணியை எடுத்துக் கீழே வைத்தார். எழுந்தார். "ஏனுங்க, வேண்டாங்க, அவுட்டாகாமப் போயிரும்!" என்று ஆறுச்சாமி ஓடி வந்தார். அவர் காதில் வாங்கவில்லை. நாற்காலியை இரண்டு கையாலும் தூக்கி, மைதானத்தைப் பார்த்துத் திருப்பிப் போட்டு, உட்கார்ந்தார்.

ஓடி வரக் கிளம்பிய வெள்ளையன் பாதியில் நின்றுவிட்டான்.

"நிக்காத. போடு கண்ணு," என்றார் தெய்வாத்தாள். "பாத்துக்கிட்டுத்தான் இருக்கறன்."